அண்ணி செஞ்ச பெட்டி

எங்கள் கார் அலங்காரக் கடையில் விற்ற ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர் இருக்கும். அதில் 'இம்போர்ட்டட்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். எங்கிருந்து இம்போர்ட் ஆனது என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கடையின் பின்கட்டு அறையிலிருந்து என்று. கழிவறைக்கும் பழைய டயர் அடுக்குக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே உட்கார்ந்துதான் அண்ணி அத்தனை பெட்டியையும் செய்தாள். அந்த ஸ்டிக்கரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணி என்றால் எனக்கு அண்ணி இல்லை. கடை முதலாளியின் கூடப்பிறந்த அண்ணனுடைய மனைவி. அவன் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டு டாக்சி டிரைவர்கள், டயர்காரர், டீ கொண்டுவருகிறவர் எல்லாரும் அவளை அண்ணி ஆக்கிவிட்டார்கள். நான் அவளைவிட வயதில் மூத்தவன், அந்தக் கடையில் சீட் கவர் தைத்தவன். நான் அவளை அண்ணி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். முறை பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது உட்கார்ந்தால் மண்டை காய்ந்துவிடும். முதலாளியை இங்கே 'அவன்' என்றுதான் எழுதுகிறேன். 'அவர்' போட்டுப் பார்த்தேன், கை வரவில்லை.

அண்ணி அதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவள். செத்துப்போன கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே எது போய்விட்டது, எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பிரிக்கிற வேலை. ஊரெல்லாம் மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு மாறியதும் அந்தக் கடையைச் சாத்திவிட்டார்கள். சாத்தும்போது மூலையில் கிடந்த பழையதையெல்லாம் எடைக்குப் போடப் பார்த்தார்கள். அண்ணி குறுக்கே போய் நின்று சண்டை போட்டு, ஒரு மினி லாரி நிறைய ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கக்கூட இடமில்லாமல் போயிற்று.

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சுங்குறாங்களேண்ணே, முழுசாவா சாகுது?" என்று என்னிடம் எகிறுவாள், என்னவோ நான்தான் கொன்றுபோட்ட மாதிரி. "ஆபீஸ்காரனுக்கு அவசரம். ஒரு ஸ்க்ரூவைக் கழட்டிப் பாக்க மாட்டான், மொத்தமாத் தூக்கிக் கடாசிடுவான். அதுக்குள்ள இருக்குற ஃபேன் என்ன பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு நல்லாத்தானே சுத்திக்கிட்டு இருந்துச்சு?"

அவள் கோபமெல்லாம் இப்படித்தான் இருக்கும். மனிதர்கள் மேல் வரவேண்டிய கோபம் ஃபேனுக்காக வரும், ஒயருக்காக வரும்.

முதலாளி ஒருநாள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது மாடிப்படிக்குக் கீழிருந்து பாட்டு கேட்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால், அண்ணி ஒரு பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைப் பிரித்து அதிலிருந்த ஆம்ப்ளிஃபயர் போர்டை ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தாளாம். சுவர் அதிர்ந்ததாம். எப்படி அண்ணி என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டருக்குள்ள இருக்குறதுல முக்காவாசி பன்னெண்டு வோல்ட்டுல ஓடுது. காரும் பன்னெண்டு வோல்ட்டு. இதுங்க ரெண்டும் சம்பந்தியாகாம வேற யாரு ஆவா?" என்றாளாம். அவன் கண் விரிந்திருக்கும். கார் அலங்காரக் கடை வைத்திருக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும். மறுநாளே, "வீட்டுல சும்மா இருக்குறதுக்குக் கடைப் பக்கம் வாங்களேன் அண்ணி" என்று அழைத்துவந்து பின்கட்டில் உட்கார்த்தி வைத்தான்.

அவள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கிற பவர் சப்ளையின் இரும்புப் பெட்டிதான் கூடு. அதன் குடலை உருவிப் போட்டுவிட்டு உள்ளே ஆம்ப்ளிஃபயர் போர்டை வைப்பாள். பாட்டுப் பாடப் பாட அது சூடாகும். அதனால் கம்ப்யூட்டரின் மூளை மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகட்டுக் கட்டைக் கழற்றி இதன் முதுகில் வைத்து முறுக்குவாள். பெட்டியோடு பிறந்த ஃபேன் அந்தச் சூட்டை வெளியே தள்ளும். ஃபேனை மட்டும் சும்மா எடுத்து வைக்க மாட்டாள். ஓடவிட்டுக் காதருகே பிடித்துக் கண்ணை மூடிக் கேட்பாள். "இவனுக்கு மூச்சு வாங்குது" என்று ஒன்றை ஒதுக்குவாள். "இவன் பொய் சொல்றான், தெம்பா இருக்குற மாதிரி நடிக்கிறான்" என்று இன்னொன்று மூலைக்குப் போகும். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும்.

அந்த ஃபேனில் ஒரு விஷயம் உண்டு. அதற்கு மூன்று ஒயர். "சிவப்பும் கறுப்பும் அது சுத்துறதுக்குண்ணே. மஞ்சள், நான் சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்றதுக்கு. இந்த மூணாவதை எவனும் கண்டுக்க மாட்டான், நறுக்கி விட்டுடுவான். அது சொல்றதைக் கேக்க ஒருத்தரும் இல்லன்னா அப்புறம் அது எதுக்குச் சொல்லணும்?" என்றாள். கேட்பதற்கு அவள் ஓர் ஆளை வைத்தாள். பழைய கம்ப்யூட்டரைப் போட்டதும் 'பீப்' என்று ஒரு சத்தம் வருமே, அதைப் போடுகிற சட்டைப் பொத்தான் அளவு ஸ்பீக்கர். ஃபேன் நின்றாலும், பெட்டி அளவுக்கு மீறிச் சூடானாலும் அது விடாமல் கத்தும். எல்லாம் சரியாக இருந்தால், கார் சாவியைத் திருகும்போது ஒரே ஒரு பீப்.

"அந்த ஒத்தை பீப் எதுக்கு அண்ணி?" என்று கேட்டேன்.

"காவலுக்கு நிக்கிறவன் தூங்கிட்டானான்னு தெரிய வேண்டாமாண்ணே? வண்டி எடுக்கறப்பல்லாம் அது ஒரு தடவை வாயைத் தெறக்கணும். தெறக்கலன்னா பெட்டியைக் கொண்டு வந்துரணும். அவ்வளவுதான்."

பெட்டி சூடானால் தானாகவே அணைந்துவிடுகிற மாதிரி செய்யத்தான் அவள் முதலில் நினைத்தாள். முதலாளி ஒப்பவில்லை. பாதிப் பாட்டில் நின்றால் கஸ்டமர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து தலையில் போடுவான் என்றான். அதனால்தான் அந்த பீப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவனை நிற்கவைத்து எதற்கு என்று விளக்கினாள். நான் மூன்றடி தள்ளி ஊசி கோத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பெட்டியை முதலாளியின் சொந்தக் காரில்தான் மாட்டினார்கள், ஓட்டிப் பார்க்க. அவனுக்கு ஒரு சின்ன மகள் உண்டு. முன்சீட்டில் அப்பா சாவியைத் திருகியதும் பெட்டி பீப் என்னும், பின்சீட்டிலிருந்து அதுவும் பீப் என்னும். அப்புறம் அது அந்தக் குழந்தைக்குப் பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூட வேனில் ஏறினால் ஒரு பீப், ஊஞ்சலில் உட்கார்ந்தால் ஒரு பீப். கடைக்கு வந்தால் என் தையல் மெஷினைப் பார்த்து ஒரு பீப் சொல்லிவிட்டுத்தான் போகும்.

பெட்டி பிரமாதமாகப் பாடியது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உடனே அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் சாமான் என்று தெரிந்தால் மதிப்புப் போய்விடுமாம். என்னைக் கூப்பிட்டு ரெக்ஸின் போட்டு மூடச் சொன்னான். ஃபேன் வாய்க்கு வட்டமாகத் துளையும், ஒயர் மாட்ட மூடிப் பக்கம் திறப்பும் விட்டு, மற்ற பக்கமெல்லாம் தைத்து ஒட்டிக் கொடுத்தேன். அதன் மேல் அவன் வெள்ளி ஸ்டிக்கரை ஒட்டினான். பின்கட்டில் கை சுட்டுக்கொண்டு ஒருத்தி செய்த பெட்டி, என் மேசையைத் தாண்டி வாசலுக்குப் போவதற்குள் வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்துவிடும்.

பீப்தான் இடைஞ்சல். "இம்போர்ட்டட் ஐட்டம் கம்ப்யூட்டர் மாதிரி கத்துமா அண்ணி? குட்டு வெளிப்பட்டுடும். அதை மட்டும் எடுத்துடுங்க" என்றான்.

"பீப் இல்லாம என் மேசையை விட்டு ஒரு பெட்டியும் போகாது தம்பி. நீங்க வேணும்னா வேற ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒயரைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைத் தொடவில்லை. வாசலில் கார்கள் காத்துக் கிடந்தன. கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். "சரி அண்ணி, உங்க இஷ்டம்" என்றான், தேனாக. அவளும் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தாள். அவன் அவ்வளவு சுலபத்தில் இறங்கி வருகிற ஆள் இல்லை என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தம்பி முறை ஆயிற்றே, நம்பினாள்.

பெட்டியைக் காரில் மாட்டுகிற வேலையை அவனே செய்வான், தெருவோரத்தில். பின்கட்டுக்கு அந்தச் சத்தம் எட்டாது. ஹாரனும் லாரியும் என் மெஷினும் ஓடுகிற இடத்தில் எனக்கும் கேட்காது.

ஒருநாள் புதுக் கார் வாங்கிய ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். முதலாளி பாட்டைப் போட்டுக் காட்டினான். அந்தப் பெண் அசந்துபோய், "யாருங்க இதைப் பண்றது? இவ்வளவு தெளிவா இருக்கே" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"இதெல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வருதுங்க" என்றான்.

"இவங்க?"

"எங்க அண்ணிங்க. வீட்டுல பொழுது போகலன்னு வந்து கூடமாட இருப்பாங்க."

அவள் கையில் இருந்தது அவளே செய்த பெட்டி. விரலில் அன்றைக்குச் சுட்ட கொப்புளம். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஊசியை வேறு இடத்தில் ஏற்றியிருப்பேன்.

சாயங்காலம் அவளை அழைத்துப்போக அவள் வீட்டுக்காரர் வந்தார். ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறவர். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்த நல்லதனத்தைக் கண்டாலே எரிச்சல். நடந்ததை நானே அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். "விடுங்க, அவன் என் தம்பிதானே" என்றார். அந்த ஆளுக்குப் பேசத் தெரிந்ததே அந்த ஒரு வாக்கியம்தான். வீட்டில் குழாய் ஒழுகினால்கூட தம்பிதானே என்று விட்டுவிடுவாரோ என்னவோ.

மறுநாள் அண்ணி என் மேசைப் பக்கம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குக் கடை போர்டுல பேர் வேண்டாம்ணே. வாசல்ல சேர் வேண்டாம். 'எங்க அண்ணி செஞ்சது'ன்னு அவன் வாயால நாலு பேர் முன்னாடி ஒரு தடவை சொல்லட்டும். ஒரே ஒரு தடவை போதும்." சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் காத்திருந்தேன், என்றைக்காவது சொல்லுவான் என்று.

சொன்னான். எப்போது சொன்னான் என்றுதான் நான் எழுதவந்தேன்.

கடைக்குப் பக்கத்தில் டாக்சி ஸ்டாண்டு. அங்கே ஒரு டிரைவர், எல்லாரும் அவனை சவுண்டு என்பார்கள். அவன் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே என் கத்தரிக்கோல் மேசையில் ஆட ஆரம்பிக்கும். பாட்டு சின்னதாக வைத்தால் அவனுக்கு வண்டி ஓட்ட வராதாம். அண்ணியின் பெட்டியை மாட்டிய பிறகு அவன் தரையில் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் அவன் சவாரி ஏற்றிக்கொண்டு போனான், பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தாய். போகிற வழியில் முன்சீட்டுக்குக் கீழே புகை கிளம்பியிருக்கிறது. ஓரம் கட்டி, அந்தத் தாயையும் பிள்ளையையும் இறக்கிவிட்டு, சீட்டுக்கடியில் கையை விட்டுப் பெட்டியை வெறுங்கையால் பிய்த்து ரோட்டில் வீசியிருக்கிறான். பெட்டியோடு அவன் உள்ளங்கைத் தோலும் போய்விட்டது.

மத்தியானம் கடைக்கு வந்தான். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையில் சாக்கில் சுற்றிய பெட்டி. பின்னாலேயே ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் வண்டியோடு வந்து கடை வாசலை அடைத்து நிறுத்தினார்கள். அவர்கள் சீட்டுக்கடியிலும் எங்கள் பெட்டிதானே இருக்கிறது.

பெட்டியை முதலாளியின் கண்ணாடி மேசை மேல் வைத்தான். ரெக்ஸின் உருகிக் கருகி நாறியது. ஸ்டிக்கர் மட்டும் ஓரம் சுருண்டு அப்படியே இருந்தது.

"இம்போர்ட்டட்னு சொல்லித்தானே தலையில கட்டினீங்க? எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சு? சொல்லுங்க, அங்கேயே போய்க் கேட்டுக்குறேன்" என்றான். குரலே எழும்பவில்லை அவனுக்கு. சவுண்டு இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

முதலாளி பெட்டியைப் பார்த்தான். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். அப்புறம் பின்கட்டைக் கை காட்டினான்.

"எனக்கென்னங்க தெரியும்? எங்க அண்ணி செஞ்சது. அவங்களைக் கேளுங்க."

அவள் கேட்ட அதே வார்த்தை. நாலு பேர் முன்னாடி, அவன் வாயால். பாடினவரைக்கும் வெளிநாட்டுச் சரக்கு, எரிந்தவுடனே அண்ணி செஞ்சது.

அண்ணி அதைக் கேட்டுக்கொண்டேதான் வெளியே வந்தாள்.

"என்ன தம்பி சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"நீங்க செஞ்சதுதானே அண்ணி? இல்லையா?"

"ஆமா. நான் செஞ்சதுதான்" என்றாள். நேராக சவுண்டிடம் போனாள். கட்டுப் போட்ட கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "கொழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் ஆகல அண்ணி. பயந்து அழுதுச்சு, அவ்வளவுதான்."

"அது கத்த ஆரம்பிச்சப்பவே ஏன்டா ஆஃப் பண்ணல?"

"எது கத்துச்சு?"

"பெட்டி. சூடாச்சுன்னா பீப் பீப்புன்னு கத்துமே. சாவி போட்டதும் ஒரு தடவை அடிக்குமே, அது."

சவுண்டு அவளை விழித்துப் பார்த்தான். "என் பெட்டி பாட்டைத் தவிர வேற எதுவும் பாடினதே இல்லையே அண்ணி" என்றான். அண்ணி மற்ற டிரைவர்கள் பக்கம் திரும்பினாள். அவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மேசையிலிருந்து பிளேடை வாங்கிக் கருகிய ரெக்ஸினைக் கிழித்தாள், மூடியைக் கழற்றினாள். ஃபேன் முழுக்கத் தூசியும் முடியும் அடைத்து நின்றுபோயிருந்தது. அதுதான் சூட்டுக்குக் காரணம். அந்தப் பொத்தான் ஸ்பீக்கர் தன் இடத்தில் இருந்தது. அதற்குப் போகிற ஒயர் நடுவே வெட்டியிருந்தது. வெட்டிய இரண்டு நுனியிலும் கறுப்பு டேப்பு சுற்றி, அது உருகி ஒட்டியிருந்தது.

முதலாளி குனிந்து பார்த்து, "தீயில அறுந்திருக்கும்" என்றான்.

"அறுத்துட்டு, டேப்பும் சுத்தி வெச்சுட்டுப் போச்சா தம்பி அந்தத் தீ?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு டிரைவர் தன் வண்டிச் சீட்டைத் தூக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அண்ணி திறந்தாள். அதிலும் வெட்டு, அதிலும் டேப்பு. அடுத்தவர் தன்னுடையதைக் கழற்றப் போனார்.

"சரி, நான்தான் கட் பண்ணேன்" என்று முதலாளி குரலை உயர்த்தினான். "கஸ்டமர் கேலி பண்றான், என்ன செய்யச் சொல்றீங்க? அது சும்மா ஒரு சத்தம்னு நெனச்சேன். அதுக்கும் தீக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்? நீங்க சொல்லவே இல்லையே அண்ணி."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சொன்னாங்க. நிக்கவெச்சு சொன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன்.

"நீ சும்மா இருய்யா. தையல் வேலையைப் பாரு."

இதற்குள் அவன் போன் போட்டு வரவழைத்த அண்ணன் வந்து சேர்ந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் சவுண்டின் கையையும் பார்த்தார், கருகிய பெட்டியையும் பார்த்தார். பார்த்துவிட்டு மனைவியிடம் குனிந்து, "எழுந்திரும்மா. வீட்டுல போய்ப் பேசிக்கலாம். அவன் என் தம்பிதானே" என்றார்.

"ஆமா, உங்க தம்பிதான்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "நான் யாரு?"

அவர் நிமிர்ந்து தம்பி பக்கம் பார்த்தார்.

அண்ணி எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முதலாளியின் எதிரே போய்க் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு."

அத்தனை வருஷத்தில் அவனை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லியிருக்கிறாள். அது போனதை நானும் கவனித்தேன், அவனும் கவனித்தான்.

"எந்தச் சாவி?"

"உன் கார் சாவி. அதுலயும் என் பெட்டிதானே இருக்கு?"

அவன் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. "அது எதுக்கு இப்ப?" என்றான். முகம் அப்படியே வெளுத்துவிட்டது. நான் அப்போது வரைக்கும் அவன் ஒரு விவரம் கெட்டவன், சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கை பையை மூடியபோதுதான் எனக்கு விளங்கியது.

டிரைவர்கள் நெருங்கி வந்தார்கள். யாரும் அவனைத் தொடவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தான்.

அவன் கார் வாசலிலேயே நிழல் பார்த்து நின்றது. பின்சீட்டில் மகளின் தண்ணீர் பாட்டில் கிடந்தது. அண்ணி முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அண்ணன்காரர்கூட எட்டிப் பார்த்தார். சாவியைத் திருகினாள்.

பீப்.

சின்னச் சத்தம்தான். பாதியாகக் குறைப்பதற்கு முன்னால் செய்த பெட்டி என்பதால் கொஞ்சம் உறைப்பாகவே கேட்டது. தெருவில் போன லாரிகூட அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தது. அத்தனை பேருடைய வண்டியிலும் வெட்டியவன், தன் பிள்ளை ஏறுகிற வண்டியில் வெட்டவில்லை. அதற்கு அர்த்தம் என்ன என்று அங்கே யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. சவுண்டு தன் கட்டுப் போட்ட கையைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

அண்ணி இறங்கினாள். இடுப்பில் செருகியிருந்த ஒயர் வெட்டும் கட்டரை எடுத்து முதலாளியின் கையில் வைத்தாள்.

"இதையும் வெட்டு."

"அண்ணி..."

"சும்மா சத்தம்தானே? உன் பொண்ணு உக்காந்து வர்ற வண்டியில எதுக்கு ஒரு சும்மா சத்தம்? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். வெட்டு."

அவன் போனான். போகாமல் இருக்க முடியாது, அத்தனை கண்ணும் அவன் முதுகில். கதவருகே முழங்கால் போட்டு உட்கார்ந்து சீட்டுக்குக் கீழே பெட்டியை இழுத்தான். அந்தப் பெட்டிக்கு ரெக்ஸின் கிடையாது, அவன் வெட்கப்படுவதற்கு முன்னால் செய்தது. கம்பிச் சல்லடையும் ஃபேனும் பளிச்சென்று தெரிந்தன. மூடியைத் திறந்தான். கட்டரை உள்ளே விட்டான். கை அப்படியே நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் கழுத்திலிருந்து வியர்வை இறங்கிச் சட்டையை நனைத்தது. அண்ணி மறுபடி ஒரு தடவை, "வெட்டு தம்பி" என்றாள், கிட்டத்தட்ட அன்பாகவே. அவன் கையை வெளியே எடுத்துக் கட்டரைச் சீட் மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கட்டரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அவனுக்காக ஒரு வார்த்தைகூட அதற்கு மேல் செலவழிக்கவில்லை.

"வண்டியை வரிசையா விடுங்க" என்றாள் டிரைவர்களிடம். நான் என் மேசையைத் தரதரவென்று இழுத்து வாசலில் போட்டேன். அவள் பின்கட்டிலிருந்து சால்டரிங் அயர்னையும் ஸ்டூலையும் தானே தூக்கி வந்தாள். ஒவ்வொரு பெட்டியாக ஃபேனைச் சுத்தம் செய்து ஒயரை ஒட்டினாள். நான் ரெக்ஸினைக் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டினேன். சில டிரைவர்கள் பழைய சாமானை வெளிநாட்டுச் சாமான் என்று விற்றதற்குக் கத்தினார்கள். கத்த அவர்களுக்கு உரிமை உண்டு, முதலாளி உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சவுண்டு மட்டும் போகாமல் நின்று ஒவ்வொரு வண்டியிலும் பீப் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தான். எல்லாம் முடிந்ததும், "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க அண்ணி" என்றான். "மொதல்ல கை ஆறட்டும். பாட்டைக் கொறைச்சு வெக்கிறதா இருந்தா வா" என்று எரிந்து விழுந்தாள். அப்போதுதான் அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

அன்றோடு நானும் அந்தக் கடையை விட்டு வந்துவிட்டேன். ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஷெட் பிடித்து, பாதியில் அவள், பாதியில் நான். எங்கள் பெட்டிக்கு ரெக்ஸினும் கிடையாது, ஸ்டிக்கரும் கிடையாது. யார் செய்தது என்று யாராவது கேட்டால் அவள் பேசமாட்டாள், நான்தான் தொண்டை கிழியச் சொல்வேன்.

முதலாளி இப்போது நிஜமாகவே வெளிநாட்டுப் பெட்டி வரவழைத்துக் கடை முழுக்கப் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறான். வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். தினமும் அவன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து எங்கள் ஷெட்டுக்கு எதிரேதான் காரை நிறுத்துவான். கிளம்பும்போது சாவியைத் திருகுவான், பெட்டி பீப் என்னும், பின்சீட்டிலிருந்து அந்தப் பிள்ளையும் பீப் என்னும். அவன் காரில் இன்றைக்கும் இருப்பது அண்ணி செஞ்ச பெட்டிதான்.